புதுப்பிப்பு: 14 மாதக் குழந்தைக்கு புரோபயாடிக் தயிர்

என் 14 மாத மகளுக்கு புரோபயாடிக் (உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள் கொண்ட) தயிர் கொடுக்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பாட்டிலில் வரும் இனிப்பூட்டிய பானத்தைத் தவிர்த்து, சர்க்கரை சேர்க்காத, கொழுப்பு நீக்காத வெறும் தயிரில் தொடங்கச் சொன்ன சகோதரியின் யோசனையே பலித்தது. பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரும், பால் ஒவ்வாமை இல்லாத ஆரோக்கியமான குழந்தைக்குத் திட உணவு தொடங்கும் ஆறு மாத வாக்கிலிருந்தே தயிர் தரலாம், ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தையென்றால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு தேக்கரண்டியில் தொடங்கினோம்; மூன்று வாரமாக எந்தத் தொந்தரவும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: என் மாமியார் அதைச் சுடுசோற்றில் பிசைந்து ஊட்டிவந்தார் (பழக்கதோஷம்தான்), அந்தச் சூட்டில் நல்ல நுண்ணுயிரிகள் பல மடிந்துவிடும் என்பது பிறகே உறைத்தது. இப்போது சோறு ஆறிய பின்னரே கலக்கிறோம்.