மறு: 'ஸ்கூல் ஹவுஸ்' – பள்ளிவீடா, பள்ளிக்கூடமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'பள்ளிவீடு' என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அப்படிப் பொருந்துவதுதான் ஐயா இங்கே சிக்கலே. விக்டோரியா காலத்து இங்கிலாந்துக் கிராமப் பள்ளி ஒன்றின் தரைப்படத்துக்குத் தமிழில் பெயர் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. படத்தில் அடுத்தடுத்து மூன்று பெயர்கள்: ஸ்கூல்ரூம், கிளாஸ்ரூம், ஸ்கூல் ஹவுஸ். சொல்லுக்குச் சொல் போனால் முதலாவது 'பள்ளியறை'. பிள்ளைகளை நேரே மீனாட்சியம்மன் கோயில் பள்ளியறையில் கொண்டுபோய் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஸ்கூல்ரூமை முடித்துக்கொள்கிறேன். அது வகுப்பறை அல்ல. நீளமான ஒரே கூடம். மேலே செங்குத்தான கூரை, உத்தரங்கள் கண்ணுக்குத் தெரியும். சன்னலின் அடிக்கட்டை பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கும். வெளிச்சம் உள்ளே வரலாம், பிள்ளையின் பார்வை மட்டும் வெளியே போகக் கூடாது. ஒரு கோடியில் கணப்பு. அதன் பக்கத்தில் இருப்பவனுக்கு வியர்க்கும், மறுகோடியில் இருப்பவனுக்கு விரல் விறைக்கும்.

ஏன் ஒரே கூடம்? விடை எழும்பூரில் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்தே சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797-இல் அதை லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது அங்கே பரவியது. 1811-இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி என்ற இங்கிலாந்துத் திருச்சபைக் கல்விச் சங்கத்தின் பள்ளிகள் இதைத்தான் பின்பற்றின. ஒரு வாத்தியார், பல சட்டாம்பிள்ளைகள். எல்லோரும் அவர் கண்ணில் படவேண்டும் என்றால் நடுவே சுவர் இருக்க முடியாது. எழுதும் பலகைகள் சுவரோரமாக, நடுத்தரை காலியாக. அங்கே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று பாடம் ஒப்பிப்பார்கள். 'மானிட்டர்' என்பதற்குப் புதுச்சொல் தேடிய நண்பருக்கும் இதுவே என் பதில்: சட்டாம்பிள்ளை இருக்க வேறெதற்கு?

ஆகவே ஸ்கூல்ரூம் = பாடக்கூடம். 'கூடம்' நம் வீட்டுச் சொல். அறையைவிடப் பெரியது என்று விளக்காமலே புரியும். 1846-இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் வந்தபின் கூடத்தோடு சின்ன அறைகள் ஒட்டிக்கொண்டன. வகுப்பறை என்ற சொல்லை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

இனி ஸ்கூல் ஹவுஸ். இதற்கு நான் முதலில் சொன்னது 'வாத்தியார் வீடு'. அமெரிக்காவில் இது பள்ளிக் கட்டடமே. இங்கிலாந்துக் கிராமத்தில் பள்ளியை ஒட்டியோ பக்கத்திலோ உள்ள வாத்தியார் குடியிருக்கும் வீடு. சரி, நாட்டை வைத்துப் பிரித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1833-ஆம் ஆண்டு மானியத் தீர்மானத்தைப் பார்த்தேன். ஏழைப் பிள்ளைகளுக்கு 'ஸ்கூல் ஹவுஸ்' கட்ட 20,000 பவுண்டு என்கிறது அது. அங்கே அது பள்ளிக் கட்டடம்தான்! ஆக இங்கிலாந்திலும் ஆண்டைப் பார்க்காமல் மொழிபெயர்க்க முடியாது. 1841-இன் பள்ளி நிலச் சட்டம் குழப்பமே வைக்கவில்லை. பள்ளிக்கு நிலம் தரலாம், ஆசிரியரோ ஆசிரியையோ குடியிருக்கவும் தரலாம் என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது.

> 'வாத்தியார் வீடு' என்பது பேச்சு வழக்கு. கலைச்சொல் மாதிரி இல்லையே?

கலைச்சொல் என்றால் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டுதான் வரவேண்டுமா அம்மா? நீங்கள் சொன்ன 'தலைமையாசிரியர் குடியிருப்பு' என் காதில் பொதுப்பணித்துறைப் பெயர்ப்பலகை மாதிரி ஒலிக்கிறது. தவிர, பல ஊர்களில் ஒரே ஒரு ஆசிரியர்தான், யாருக்குத் தலைமை? ஆனால் மேலே சொன்ன சட்டத்தைப் படித்ததும் என் பிடிவாதமும் கொஞ்சம் தளர்ந்தது. எத்தனையோ கிராமங்களில் அந்த வீட்டில் இருந்தவர் ஓர் ஆசிரியை. அவரை வாத்தியார் என்று எழுத மனம் வரவில்லை. 'ஆசிரியர் வீடு' இருவருக்கும் பொருந்தும். பள்ளிக் கட்டடம் என்ற பழைய பொருளில் வருமிடத்தில் 'பள்ளிக்கூடம்' போதும்.

'பள்ளிவீடு' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். அது இரண்டையும் ஒரே கட்டடமாகக் காட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்: யார்க்‌ஷயரின் பால்டர்ஸ்பியில் பட்டர்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் 1850-களில் கட்டியதைப்போல, தேவாலயம், பாதிரியார் வீடு, பள்ளி, ஆசிரியர் வீடு எல்லாம் ஒரே கையெழுத்து. ஆனால் பிற்கால அரசு விதிகள் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்வழி இருக்கவே கூடாது என்றன. சுவர் ஒன்றாக இருந்தாலும் ஆசிரியர் வெளியே வந்து, சுற்றிக்கொண்டுதான் பாடக்கூடத்துக்குள் நுழைய வேண்டும், மழையானாலும்.

கூரை உச்சியில் மணி தொங்கும் சிறு கல்வளைவு, அதாவது 'பெல்காட்', பற்றி ஒரு வரி. மணிக்கூண்டு என்றால் திண்டுக்கல்காரருக்குக் கடிகாரக் கோபுரம். மணிக்கூடு என்றால் யாழ்ப்பாணத்தில் கடிகாரமே. விளக்கு வைக்கும் மாடப்புரையை நினைத்து 'மணிப்புரை' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது 'கேலரி'. சின்னப் பிள்ளைகளை ஒருவர் தலை இன்னொருவரை மறைக்காமல் உட்கார வைக்கும் படிவரிசை மேடை. 'படியிருக்கை' என்று எழுதி அடித்துவிட்டேன்; 'கேலரி' என்றே விட்டால் கிரிக்கெட் மைதானம் வந்து நிற்கிறது. கோயில் குளத்துப் படித்துறை, கொலுப்படி என்று எதையெதையோ யோசித்துப் பார்த்தாயிற்று. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?