சல்வீனியாக் குளங்களில் கூன்வண்டுக் கணக்கெடுப்பு: உதவி தேவை

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கக் குளங்களில் சல்வீனியா என்ற மிதக்கும் களையை, அதைத் தின்னும் கூன்வண்டு எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்று கணக்கெடுக்கிறோம். இந்தக் களையைக் கட்டுப்படுத்த 1986இல் இலங்கையில் விடப்பட்ட சிர்டோபேகஸ் சல்வினியே என்ற வண்டுதான் அது.

மாதமொருமுறை களை அள்ள ஆள் வேண்டும். 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டத்தைப் போட்டு உள்ளே கிடப்பதை முழுவதும் எடுங்கள். கரையோரம் மட்டும் போதாது; வண்டு திட்டுத் திட்டாகத்தான் பரவும், தோணியில் நடுவுக்கும் போக வேண்டும். வலைப்பையில் ஐந்து நிமிடம் தொங்கவிட்டு நிறுங்கள். வடிய விடும் நேரம் மாறினால் நிறைக் கணக்கே பிழைத்துவிடும்.

பழுப்பு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முற்றினாலும் இலை கருகும், ஆனால் நுனிமொட்டுப் பச்சையாக இருக்கும். வண்டு தின்றால் மொட்டுக் கறுக்கும். தண்டைப் பிளந்தால் புழு துளைத்த வழி தெரியும். 50 மொட்டுப் பார்த்து எத்தனை கறுத்தது என்று எழுதுங்கள். தூரத்தில் நின்று எடுத்த படத்தால் பயனில்லை.

களையிலிருந்து வண்டைப் பிரிக்கப் புனல் முறை: புனலுக்குள் ஒரு கிலோ ஈரக்களை, மேலே 60 வாற் குமிழ், கீழே அற்ககோல் போத்தல், செடி நன்றாகக் காயும்வரை. எல்ஈடி குமிழ் சூடு தராது, வண்டு கீழே இறங்காது. பழைய இழைக் குமிழ் வைத்திருப்பவர்கள் தந்துதவுங்கள்.

இன்னொன்று. சோளகக் காற்று அடித்தால் களை முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. போன மாதம் பார்த்த செடியை இந்த மாதம் தேட முடியாது. மூங்கில் சட்டத்துக்குள் அடைத்தால், மாரியில் குளம் வான்பாயும்போது சட்டத்தோடு அள்ளுப்படும். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் சட்டம் கட்டியவர்கள், கயிற்றை எவ்வளவு நீளம் விட்டீர்கள், அடியில் என்ன பாரம் கட்டினீர்கள்?