கஜா நிவாரணம் இளைஞர் தலைமையில் நடந்ததாம்! மண்டபச் சாவி யாரிடம் இருந்தது?

கடைமடைக்காரன்:
ஒரு தொண்டு நிறுவனக் கூட்டத்தில் யாரோ பேசிய காணொளி எங்கள் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டார ஊர்களில் நிவாரண வேலை முழுக்க இருபது வயதுப் பிள்ளைகளின் தலைமையில்தான் நடந்ததாம். பெரியவர்கள் விழுந்த தென்னையைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்களாம். ஆகவே இனி ஊர்தோறும் பேரிடர்ப் பொறுப்பை இளைஞர்களிடமே ஒப்படைத்துவிட வேண்டுமாம்.

நான் அந்தப் பக்கத்துக்காரன். நவம்பர் 16 விடிந்தபோது தோப்பில் நிமிர்ந்து நின்ற மரத்தைத் தேட வேண்டியிருந்தது. அழுதேன், சரி. ஆனால் எங்கள் ஊரில் நிவாரணச் சாமான் இறங்கிய கல்யாண மண்டபத்தின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. என்னைக் கேட்காமல் ஒரு மெழுகுவத்தி வெளியே போகவில்லை. பசங்க மூட்டை இறக்கினார்கள், ஓடியாடினார்கள், அதை மறுக்கவில்லை. மூட்டை தூக்கினால் தலைமையா?

தென்னங்கீற்று:
சித்தப்பா, எந்த ஊர், எந்த மண்டபம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன். அந்த மண்டபத்துக்கு இரண்டு கதவு. முன்வாசல் சாவி உங்களிடம். சமையற்கட்டுப் பக்கத்துக் கதவுச் சாவி எங்களிடம். சாமானெல்லாம் எந்த வழியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கடைமடைக்காரன்:
சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே கன்னம் வைக்காதே தம்பி. சமையற்கட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டது. அதற்குச் சாவியே கிடையாது.

தென்னங்கீற்று:
உண்டு. சமையல்காரர் வைத்திருந்தார். அவரிடம் வாங்கினோம்.

வழிப்போக்கன்:
பாப்கார்ன் எடுத்து வருகிறேன். யாரும் கதவைப் பூட்டிவிடாதீர்கள்.

நாகைப்பெண்:
சாவி இருக்கட்டும் ஐயா. சாமானை எந்தப் பட்டியலை வைத்துக் கொடுத்தீர்கள்? ஊர் வரி கட்டும் குடும்பங்களை எழுதிய தலைக்கட்டு நோட்டா?

2004 சுனாமியில் எங்கள் கடலோர ஊர்களில் சாவியும் நோட்டும் பெரியவர்களிடம்தான் இருந்தன. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்த நேரம். ஊர்ப் பஞ்சாயத்து வரி கட்டும் தலைக்கட்டு வாரியாகப் பங்கு பிரித்தது. எல்லோருக்கும் சமம் என்று பெருமை வேறு. ஆனால் வரி கட்டுவது ஆம்பிளை. புருஷனைக் கடல் கொண்டுபோன பெண்ணுக்குத் தலைக்கட்டு ஏது? பல ஊர்களில் விதவைகளும், தனியாக மீன் விற்றுப் பிழைத்தவர்களும், கடலுக்குப் போகாமல் கரையில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். இதை அப்போதே ஆய்வு செய்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு ஆய்வு தேவையில்லை, எங்கள் சின்னம்மா வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தவள் நான்.

கடைமடைக்காரன்:
அம்மா, அது கடலோரம், இது வயக்காடு. உங்கள் ஊர் வழக்கத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள். எங்கள் ஊரில் எல்லாத் தெருவுக்கும் கொடுத்தோம். சாவி என்னிடம் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒருத்தன் கையில் சாவி இருந்தால்தான் நாளைக்கு ஒருத்தனைக் கேள்வி கேட்க முடியும். பத்துப் பசங்க கையில் இருந்தால் யாரைக் கேட்பது? எல்லோரும் சென்னைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். ஊரில் இருந்து ஏச்சு வாங்கப்போகிறவன் நான்.

தென்னங்கீற்று:
எல்லாத் தெருவுக்குமா? முதல் லாரியில் வந்த தார்ப்பாய் காலனிக்கு எத்தனை போயிற்று, சொல்லுங்கள். உங்கள் நோட்டில் காலனிக்குத் தனிப் பக்கமே கிடையாது. 'அவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும்' என்று ஒரு வரிதான். அரசாங்கத்தின் 27 பொருள் பெட்டி வரும்வரை மழையில் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா? அதற்குப் பிறகுதான் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் புதுப் பட்டியல் எடுத்தோம். கூரை போன வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீடு என்று. வாடகைக்கு இருந்தவர்களையும் சேர்த்தோம். அந்தப் பட்டியல்படிதான் பின்பக்கக் கதவு திறந்தது.

அப்புறம், லாரி ஊருக்குள் எப்படி வந்தது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்த வண்டியை எல்லாம் சாலையோர ஊர்க்காரர்களே மறித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பசிதான், குற்றம் சொல்லவில்லை. உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் வரவில்லை. சிக்னலும் இல்லை. பைக்கில் போய்ச் சாலையில் நின்று, விழுந்த மரத்தை அறுத்து வழி பண்ணி வண்டியைக் கூட்டி வந்தது யார்? நீங்கள் இடுப்பில் சாவியோடு மண்டப வாசலில் இருந்தீர்கள்.

கடைமடைக்காரன்:
இருந்தேன். ஏன் என்றால் சாவி என்னிடம் இருந்தது. அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

சைதாப்பேட்டையான்:
இந்த விஷயத்தில் சென்னைதான் முன்னோடி. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர், அடையாறு வீட்டுக்குள். அப்போது ஐடி பசங்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கூகுள் ஷீட்டில் யாருக்கு என்ன வேண்டும், எந்த மாடியில் எத்தனை பேர் என்று போட்டு நடத்தினார்கள். சாவியும் இல்லை, மண்டபமும் இல்லை. கஜாவுக்கு லாரி லாரியாக அனுப்பியதும் நாங்கள்தான், மறக்க வேண்டாம்.

நாகைப்பெண்:
அண்ணா, 2015இல் மாடியிலிருந்து ஆட்களை இறக்கியது உங்கள் கூகுள் ஷீட்டா, படகோடு வந்த மீனவர்களா?

கடைமடைக்காரன்:
அப்படிக் கேளுங்கள் அம்மா. கஜாவுக்கு அனுப்பினீர்களே சைதாப்பேட்டைத் தம்பி, என்ன அனுப்பினீர்கள்? ஜிப் அறுந்த ஜீன்ஸ். ஒற்றைச் செருப்பு. ஒரு மூட்டையில் கோட்டு சூட்டு இருந்தது. தோப்பு போனவன் கோட்டு போட்டுக்கொண்டு எங்கே போவான்? சுனாமியிலேயே பழந்துணி சாலையோரம் மலையாகக் கிடந்து மட்கிப்போயிற்றே, அப்போதும் புத்தி வரவில்லையா? நாங்கள் கேட்டது தார்ப்பாய், கொசுவத்தி, மரம் அறுக்கிற மிஷின்.

சைதாப்பேட்டையான்:
கொடுத்ததற்கு நன்றி இல்லை. வழியில் மறித்து நிவாரணப் பொட்டலத்தில் முதல்வர் பட ஸ்டிக்கர் ஒட்டியவர்களைக் கேட்க வக்கில்லை.

வழிப்போக்கன்:
ஸ்டிக்கர் 2015. கஜா 2018. வெள்ளத்தை மாற்றி ஏறிவிட்டீர்கள்.

சைதாப்பேட்டையான்:
எல்லாம் ஒரே ஆட்சிதான்.

முகாம்_முத்து:
கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1969இலிருந்து இந்தத் திட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், நடுவில் 7 நாள் முகாம். இளைஞர்களுக்குப் பொறுப்பு கொடுக்கவில்லை என்று சொல்வது தவறு.

தென்னங்கீற்று:
சார், நானும் அந்த முகாமுக்குப் போனவன். கோயில் வளாகத்தில் புல் பிடுங்கினோம். தலைவர் வந்தார், மாலை போட்டார், போட்டோ எடுத்தார், போனார். எந்தத் தெருவில் என்ன வேலை செய்வது என்று ஒருநாளாவது எங்களைக் கேட்டீர்களா? தூக்கச் சொன்னதைத் தூக்குவது வேறு, எதைத் தூக்குவது என்று முடிவு செய்வது வேறு. கஜாவில்தான் முதல்முறையாக நாங்களே முடிவு செய்தோம்.

அது அதோடு நிற்கவும் இல்லை. பேராவூரணி பெரிய ஏரியை 2019இல் தூர்வாரியது யார்? துபாயில் மென்பொருள் வேலை பார்த்த நிமல் ராகவனும் கைஃபா என்கிற கடைமடை விவசாயிகள் சங்கத்துப் பசங்களும். புயலுக்கு ஊருக்கு வந்தவர்கள்தானே?

கடைமடைக்காரன்:
ஏரிக்குக் கதவு கிடையாது தம்பி. நான் பேசுவது மண்டபம்.

முகாம்_முத்து:
புல் பிடுங்கியதும் சேவைதான்.

வழிப்போக்கன்:
ஆப்த மித்ரா என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளம் வந்தால் முதலில் இறங்குகிற உள்ளூர்த் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி. வயது 18 முதல் 40 வரை. கடைமடை அண்ணனின் கோபம் இப்போது புரிகிறது.

கடைமடைக்காரன்:
கேரளாவில் 2020இல் சன்னத்த சேனை என்று பேரிடர்த் தொண்டர் படை தொடங்கினார்கள். 16 முதல் 65 வரை சேர்க்கிறார்கள். அவர்களுக்கு அறிவு இருக்கிறது. 12 நாளில் கயிறு கட்டக் கற்றுக்கொள்ளலாம். எந்த வீட்டுக்காரனுக்கும் எந்த வீட்டுக்காரனுக்கும் வரப்புச் சண்டை, யாரை யார் வாசலுக்கு அனுப்பினால் வெட்டுக்குத்து ஆகும் என்பதை 12 நாளில் யாரும் சொல்லித்தர முடியாது. அதற்காகத்தான் சாவி என்னிடம் இருந்தது. இருந்தது என்றால் இருந்ததுதான். வேண்டுமானால் அன்றைக்கு மண்டப வாட்ச்மேனைக் கேளுங்கள்.

தென்னங்கீற்று:
வாட்ச்மேன்தான் பின்பக்கச் சாவியைச் சமையல்காரரிடம் கொடுத்தவர்.

கடைமடைக்காரன்:
அவன் என் தங்கச்சி மாப்பிள்ளைக்குச் சொந்தம். அப்படிச் செய்யவே மாட்டான்.

நாகைப்பெண்:
பட்டியலைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது கேள்வி: அந்தப் பத்துப் பசங்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நாப்கின் வேண்டும் என்று உங்கள் இரண்டு நோட்டில் எதிலாவது எழுதியிருந்ததா?

தென்னங்கீற்று:
அக்கா, ஒரு டீச்சர் சொல்லித் தனியாக ஒரு தாளில் எழுதினோம்.

நாகைப்பெண்:
தனியாக ஒரு தாளில். சரிதான். காலனிக்கு ஒரு வரி, பெண்களுக்கு ஒரு தாள். தலைமை மாறிவிட்டது என்கிறீர்கள், கேட்டுக்கொண்டேன்.

தென்னங்கீற்று:
அக்கா, நீங்கள் எங்கள் பக்கம் என்று நினைத்தேன்.

நாகைப்பெண்:
நான் எந்தக் கதவுப் பக்கமும் இல்லை.

கடைமடைக்காரன்:
இத்தனை பேர் பேசினீர்கள், ஒருத்தராவது நிரூபித்தீர்களா? சாவி என்னிடம் இருந்தது. சாமான் தீர்ந்த பிறகு மண்டபத்தைக் கழுவிவிட்டு நிர்வாகத்திடம் நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அப்போது எந்தத் தலைவனும் துடைப்பத்தோடு வரவில்லை. தென்னை மரத்துக்கு 600 ரூபாயும் அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசாங்கம் அறிவித்தபோது, ஊர் முழுக்க மரக் கணக்கு எழுதி, வி.ஏ.ஓ. ஆபீசில் நாள் முழுக்க நின்றவனும் நான்தான். நிவாரணம் என்றால் லாரி வருகிற நாள் மட்டும்தான் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இப்போது ஜெனரேட்டர் கதையைத் தொடங்குவான், பாருங்கள்.

தென்னங்கீற்று:
தொடங்கத்தான் போகிறேன். கரண்டு இல்லாமல் ஊரே குளத்துத் தண்ணீரை மொண்டு குடித்தது. ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டி மோட்டாரை ஓடவிட்டது நாங்கள். குழாயில் தண்ணீர் வந்தபோது வரிசையில் குடத்தோடு முதலில் நின்றது உங்கள் வீட்டு ஆள்.

கடைமடைக்காரன்:
டீசல் காசு கொடுத்தது யார்?

தென்னங்கீற்று:
வசூல் பண்ணினோம்.

கடைமடைக்காரன்:
வசூலில் என் பங்கு 500. ரசீது கொடுத்தாயா?

தென்னங்கீற்று:
தண்ணீர் குடித்தீர்களா இல்லையா?

கடைமடைக்காரன்:
ரசீது கொடுத்தாயா இல்லையா?

சைதாப்பேட்டையான்:
அந்த ஜெனரேட்டரும் சென்னையிலிருந்து வந்ததாகத்தான் கேள்வி.

தென்னங்கீற்று:
அறந்தாங்கியிலிருந்து வந்தது. வாடகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

கடைமடைக்காரன்:
வாடகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறான், என் ரசீதை மட்டும் காணோம். சீட்டைப் போடு, தேதி பார்ப்போம்.