கொழும்பு வெயிலுக்குக் குளிர்ப் பச்சை சென்ட் எடுபடுமா?

மரிக்கொழுந்து: கல்பனம் என்கிற பச்சை மணப் பிசின், ஃபர் மரத்து ஊசியிலை, ஐரிஸ் கிழங்கு என்று பனிநாட்டு மணத்தை இங்கே பூசுவது காசுக்குக் கேடு. புல் வெட்டின வாசம் தருகிற சிஸ்-3-ஹெக்ஸெனால் சும்மாவே நிற்காத சாமான். வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கோட்டையில் இறங்கமுதல் போய்விடும். மிஞ்சுவது ஐரிஸ் பவுடர் வாசம். வியர்வையோடு சேர்ந்தால் பூட்டி வைத்த அலுமாரிதான்.

விலாமிச்சை: ஓடுவது ஹெக்ஸெனால், கல்பனம் இல்லை. ஈரானில் விளையும் ஃபெரூலாச் செடியின் பிசின் அது. வடித்த எண்ணெய் என்றால் அதிலுள்ள பைனீன் என்கிற லேசான பொருள் சீக்கிரம் பறக்கும். ரெசினாய்டு, அதாவது கரைப்பானில் பிரித்தெடுத்த கெட்டிச் சாறு, வாங்கினால் நிற்கும். 1947 இல் பிரெஞ்சுச் சென்ட் கலைஞர் ஜெர்மேன் செல்லியே பால்மான் ஃபேஷன் நிறுவனத்துக்குச் செய்த 'வான் வேர்' சென்ட்டில் கல்பனம் 8 சதவீதம் என்பது தொழிலில் எல்லாரும் சொல்கிற கணக்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம், கூடினால் பச்சைக் கறிமிளகாய் நாறும். இரண்டிலும் இருப்பது பைரசீன் என்கிற ஒரே வகை மணப்பொருள்.

10 கிராமுக்கு என் அளவு: ஹெடியோன் (மல்லிகைச் சாயலுள்ள செயற்கை மணப்பொருள்) 0.6, பெர்கமொட் (எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய்) 0.3, வெட்டிவேர் எண்ணெய் 0.25, ஃபர் எண்ணெய் 0.2, கல்பனம் ரெசினாய்டு 10% கரைசல் 0.1, ஹெக்ஸெனால் 10% கரைசல் 0.05. மிச்சம் 8.5 எதனோல். தண்ணீர் விடாதேங்கோ, ரெசினாய்டு கலங்கிப் பால் மாதிரி ஆகும்.

கருந்துளசி: நில்லுங்கோ. பெர்கமொட் 0.3 என்றால் 3 சதவீதம். தோலில் பூசி வெயிலில் போவதற்கு, பிழிந்த பெர்கமொட்டுக்கு இஃப்ரா என்கிற சர்வதேச வாசனைத் தொழில் சங்கம் வைத்த வரம்பு 0.4 சதவீதம். காலி முகத்திடல் மத்தியான வெயிலில் கழுத்தில் கறுப்புத் திட்டு விழும். வெயில் பட்டால் தோலைச் சுடவைக்கும் பெர்காப்டன் நீக்கினது என்று போத்திலில் எழுதியிருந்தால் மட்டும் எடுங்கோ. ஃபர் எண்ணெய் காற்றுப் பட்டுப் பழசானால் தோல் அரிக்கும். சின்னப் போத்திலில் நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கோ.

மரிக்கொழுந்து: சரி, ஆனால் இதில் குளிர் எங்கே? மென்தால் கூட இல்லையே.

விலாமிச்சை: மென்தால் தருகிற குளிர் மணமில்லை. நரம்பில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 வாங்கியைத் தட்டுவதால் வருகிற உணர்ச்சி. சென்ட்டில் போட்டால் பற்பசை நினைப்புத்தான் வரும். ஆல்டிஹைட் சி-12 எம்என்ஏ என்கிற செயற்கை மணப்பொருளின் 1% கரைசலில் ஒரு சொட்டு போதும், ஊசியிலையோடு சேர்ந்து உலோகக் குளிர்ச்சி தரும். இரண்டு சொட்டு விட்டால் அயர்ன் பண்ணின துணி.

மரிக்கொழுந்து: ஈரக்காற்றில் தோலில் அது எவ்வளவு நேரம்?

விலாமிச்சை: தோலை விடுங்கோ மச்சான், பருத்தித் துணியில் அடியுங்கோ. உடம்புச் சூடு குறைவாகப் படுவதால் முதலில் எழும் மேல்மணமும் கொஞ்சம் தாங்கும்.

மரிக்கொழுந்து: வெள்ளைச் சேட்டில் பிசின் கறை யார் கழுவுவது?

கருந்துளசி: 0.01 கிராம் பிசினுக்குக் கறை விழாது. மஞ்சளாக்குவது வெட்டிவேர் எண்ணெய். பெனியனில் அடியுங்கோ.