44 எடுத்தவன் தோற்றவனா? பிளஸ் டூ துணைத்தேர்வும் கல்லூரி இடமும்

குழித்துறையாள்:
நேற்று வடசேரி வாசகன் இங்கே எழுதியதைப் படித்த பிறகு இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தோற்றவன் கல்லூரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றும், துணைத்தேர்வு எழுதி உள்ளே நுழைகிறவர்கள் முதல் முறையிலேயே தேறியவர்களின் இடத்தைப் பறிக்கிறார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். என் மகன் இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70க்கு 14, செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10, ஆக மொத்தம் 44 எடுத்தான். தேர்ச்சிக்கு வேண்டியது 35. எழுத்துத் தேர்வில் தனியாக 15 வர வேண்டும் என்ற விதியால் அவனைத் தோற்றவன் என்று அறிவித்தார்கள். அவனுடைய வகுப்பிலேயே 15, 12, 8 என்று கூட்டி, சரியாக 35 எடுத்த பையன் தேறிவிட்டான். ஜூன் கடைசியில் துணைத்தேர்வு எழுதி, எழுத்துத் தேர்வில் 38 வாங்கி, பொறியியல் துணைக் கலந்தாய்வில் என் மகன் இடம் பெற்றான். பொதுக் கலந்தாய்வு முடிந்து யாரும் எடுக்காமல் மிஞ்சிய இடங்களுக்குத்தான் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. அப்படியானால் அவன் பறித்தது யாருடைய இடம்? வாசகன் ஐயா அதைச் சொல்லட்டும்.

வடசேரி வாசகன்:
அம்மா, நான் உங்கள் மகனை மனத்தில் வைத்து எழுதவில்லை. அவரை எனக்குத் தெரியவும் தெரியாது. என் மகள் இரண்டு வருடம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்து, ஆறு பாடங்களையும் ஒரே முயற்சியில் தேறினாள். அவளும், ஒரு பாடத்தை விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து எழுதியவரும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்போது அவள் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை என்பதுதான் என் கேள்வி. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். இங்கே பிறந்த ஒரு பையனால் 70க்கு 15 எடுக்க முடியவில்லை என்றால் அதற்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 15 என்றால் 15தான்.

தக்கலை ஆசிரியர் (ஓய்வு):
முப்பத்தோரு ஆண்டு மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். அந்த 15 என்ற எல்லை இல்லாவிட்டால், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று 30 மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கிற மாணவன், பொதுத்தேர்வில் வெறும் 5 எடுத்தாலே தேறிவிடுவான். செய்முறை மதிப்பெண் எங்கள் பள்ளிகளில் எவ்வளவு தாராளமாக வழங்கப்படுகிறது என்பது ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரியும். நானும் தாராளமாகவே வழங்கியிருக்கிறேன். இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே பதினைந்து இருக்கின்றன. புத்தகத்தின் பின்பக்க வினாக்களை ஒழுங்காகப் படித்த மாணவன், இரண்டு மதிப்பெண் வினா ஒன்றைக்கூட எழுதாமலேயே அந்த எல்லையைத் தொட்டுவிட முடியும். ஆகவே, 44 என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பொருள் இல்லை. பார்க்க வேண்டியது 14.

குழித்துறையாள்:
ஆசிரியர் ஐயாவே அந்தப் பதினைந்து வினாக்களைப் பற்றிப் பேசியதால் நானும் அதற்கே வருகிறேன். முடிவு வந்த வாரமே 275 ரூபாய் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். ஒன்பதாவது வினாவுக்குச் சரியான விடை ‘இ’. என் மகன் விடையைச் சரியாகவே எழுதியிருக்கிறான், ஆனால் அதற்கு முன்னால் போட்ட எழுத்து ‘ஆ’. முதலில் ‘இ’ என்று தொடங்கி அதை அடித்துவிட்டு ‘ஆ’ போட்டிருப்பது நகலிலேயே தெரிகிறது. பக்கத்தில் ஒரு சுழியம். குறியீடும் விடையும் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்ணாம். விடை தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்திருந்தால் 15, மொத்தம் 45. மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டிப் பார்த்தேன், ‘மாற்றம் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு பிள்ளையைத் தோற்றவன் என்று ஊர் முழுக்கச் சொல்ல வைத்தார்கள். அந்த ஊரில் இப்போது வாசகன் ஐயாவும் ஒருவர்.

எல்லைக்காரன்:
கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்திருந்தால் இந்த அக்காவின் மகனுக்கு இந்தத் துன்பம் வந்திருக்காது. கேரளத்தில் 30 விழுக்காடு எடுத்து டி பிளஸ் என்ற தரம் வாங்கினாலே தேர்ச்சி. தோற்ற பாடத்துக்கு ‘சே’ தேர்வு உண்டு, ‘ஆண்டைக் காப்பாற்று’ என்றே அதற்குப் பெயர். அந்தப் பிள்ளைகளை அங்கே யாரும் இப்படி வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை.

தக்கலை ஆசிரியர் (ஓய்வு):
தம்பி, பாதிச் செய்தியோடு வராதீர்கள். அங்கேயும் எழுத்துத் தேர்வில் தனியாக 30 விழுக்காடு வேண்டும். 70க்கு 14 என்பது 20 விழுக்காடு. இந்த அம்மாவின் மகன் எல்லை தாண்டிப் பிறந்திருந்தாலும் அந்தத் தேர்வில் தேறியிருக்க மாட்டான். நம்முடைய 15 அதைவிட இரக்கமான விதி.

வடசேரி வாசகன்:
எதற்கெடுத்தாலும் கேரளத்தைக் கொண்டுவருவது இந்தக் களியக்காவிளைக்காரர்களின் வழக்கமாகிவிட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தப் பக்கம் அவ்வளவு பிடித்திருந்தால் பிள்ளையை எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையிலேயே படிக்க வையுங்கள்.

எல்லைக்காரன்:
எங்கள் பாட்டன்மார் இந்த மண்ணைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சிறை போனவர்கள். வடசேரியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு எல்லைப் பாடம் நடத்த வேண்டாம்.

பழைய மாணவி:
அண்ணாச்சிமார் எல்லையை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். துணைத்தேர்வை இழிவாகப் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நான் 2005இல் கணக்கில் தோற்றேன். இப்படிப்பட்ட பேச்சுக்குப் பயந்து மறுபடி எழுதாமல், பிளஸ் டூ இல்லாமலேயே சேர்த்துக்கொண்ட ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்தேன். 2009 ஆகஸ்டில் வந்த 107ஆம் எண் அரசாணைப்படி, பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களுக்கே அரசு வேலையில் அந்தப் பட்டம் செல்லும் என்று ஆனது. மூன்று வருடப் படிப்பு கையில் இருந்தும் விண்ணப்பம் போட முடியாமல் நின்றேன். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு தாளை எழுதியிருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். பள்ளியைத் தாண்டிவிட்டவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. ஏற்கெனவே தேறிய பாடங்களில் இரண்டை அங்கே மாற்றிக்கொண்டு மீதியை எழுதலாம். தோற்ற பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள விடாமல், அவர்களை வெட்கப்பட வைப்பது பெரிய பாவம்.

வடசேரி வாசகன்:
தங்கச்சி, உங்கள் கதை வருத்தமானதுதான். ஆனால் அதுவும் என் பக்கத்தையே காட்டுகிறது. விதியைத் தாண்டிக் குறுக்கு வழியில் போனால் நிற்காது.

பழைய மாணவி:
துணைத்தேர்வு குறுக்கு வழி அல்ல என்றுதான் அண்ணாச்சி நான் எழுதினேன். நீங்கள் படிக்கவே இல்லை.

குழித்துறையாள்:
அவர் படிக்க மாட்டார். என் முதல் கேள்விக்கு இதுவரை அவர் பதில் சொல்லவும் இல்லை. மிஞ்சிக் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்தவன் யாருடைய இடத்தைப் பறித்தான்? அவன் இன்று கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு, ஒரு அரியர்கூடக் கிடையாது. மே மாதம் முடிவு வந்த அன்று சாயங்காலம் அவன் குழித்துறை ஆற்றுப் பக்கம் தனியாகப் போனான் என்று கேள்விப்பட்டு, அவன் தந்தை செருப்புக்கூடப் போடாமல் தடுப்பணை வரை ஓடினார். மாடு கட்டுகிற கல்லில் உட்கார்ந்து ஒன்பதாவது வினாவை விரலால் தொடையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். 35 எடுத்தவனைத் தேடி யாரும் ஓடவில்லை. 44 எடுத்தவனைத் தேடித்தான் ஓடினோம்.

தக்கலை ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, அந்த வேதனை எனக்கும் புரிகிறது, மூன்று பிள்ளைகளை வளர்த்தவன்தான் நான். ஆனாலும் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. திருத்தியவர் அதை மீறினால் அது மற்ற பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். 14 என்பது 14.

வடசேரி வாசகன்:
அதையேதான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

குழித்துறையாள்:
நீங்கள் முதலில் சொன்னது இடத்தைப் பறிப்பதைப் பற்றி, 14ஐப் பற்றி அல்ல. ஆசிரியர் ஐயா, சேர்த்து எழுதச் சொன்னார்கள், அவன் சேர்த்துத்தான் எழுதினான். அடித்த ‘இ’ இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. நகல் பீரோவில் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். முப்பத்தோரு ஆண்டு விடைத்தாள் திருத்திய கண்ணால் நீங்களே பார்த்து, அந்தப் பிள்ளைக்கு விடை தெரியுமா தெரியாதா என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.