ஆர்வெல் இரண்டாம் பாகம்: ஆடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி கேமராக்காரன்:

'ஆர்வெல்: இக்னரன்ஸ் இஸ் ஸ்ட்ரெங்த்' என்ற கம்ப்யூட்டர் கேமை இந்த வாரம்தான் ஆடி முடித்தேன். இரண்டு நாளாக வேறு எதுவும் மண்டைக்குள் போகவில்லை. நம் பக்கத்தில் ஆடியவர்கள் இருந்தால் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காக: முதல் பாகம் 2016இல் வந்தது, இது 2018இல். இரண்டையும் செய்தது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்மாட்டிக் ஸ்டுடியோஸ். 'தி நேஷன்' என்று ஒரு கற்பனை நாடு. அதன் அரசு ரகசியமாக வைத்திருக்கும் கண்காணிப்பு மென்பொருளின் பெயர் ஆர்வெல். நாம் அதன் முன்னால் உட்கார்ந்து ஆட்களின் சாட், போன் பேச்சு, மெயில், கம்ப்யூட்டர் பைல் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். எந்த வரி முக்கியம் என்று படுகிறதோ அதை இழுத்து அந்த ஆளின் கோப்பில் போட வேண்டும். மேலதிகாரிக்கு நாம் போட்டது மட்டும்தான் தெரியும். சாட்டில் ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை நாம் போட்டுவிட்டால், மேலதிகாரிக்கு அது உண்மை.

என் தொழிலே சிசிடிவி போடுவது. நகைக்கடை, மண்டி, மாங்கூழ் தொழிற்சாலை என்று சுற்றுகிறவன். ஒரு மாங்காய் மண்டியில் முதலாளி கூப்பிட்டு, "ராத்திரி ஒருத்தன் கூடை கூடையா ஏத்திட்டுப் போயிருக்கான், எடுத்துக் காட்டுப்பா" என்றார். கேமரா படம் பதிவாகும் டிவிஆர் பெட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். படத்தில் ஆள் தெளிவாக இருந்தார், வண்டி நம்பரும் தெரிந்தது. போலீசுக்குப் போன் போடப் போகும்போது முதலாளியின் மகன் வந்து, "நான்தான்பா அவரை ஏத்திக்கச் சொன்னேன்" என்றார். மகன் அந்த ஆளிடம் போனில் சொன்னது எந்த கேமராவிலும் இல்லை. ஆர்வெல் ஆடும்போது ஒவ்வொரு வரியை இழுத்துப் போடும்போதும் எனக்கு அந்த மண்டிதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் பாகத்தில் புதிதாக ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒரு தகவலைப் போட்டால் கேமுக்குள் 10 நிமிடம் நகரும். ஆகவே கிடைப்பதையெல்லாம் அள்ளிப் போட முடியாது. சில உரையாடல்கள் அந்தந்த நேரத்தில்தான் நடக்கும், தவறவிட்டால் போச்சு. ஆனால் படிப்பதற்கு நேரம் கழியாது. இது எவ்வளவு நல்ல முடிவு என்று சொல்லியாக வேண்டும். கேம் முழுக்க ஆங்கில எழுத்து. என்னைப் போல நிறுத்தி நிதானமாகப் படிக்கிறவனுக்கும், கடகடவென்று படிக்கிறவனுக்கும் ஒரே நியாயம்.

பென்னாகரம் டீச்சர்:

வணக்கம் தம்பி. கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு நானே தனியாக ஆடினேன்.

நீங்கள் கடிகாரத்தைச் சொன்னீர்கள், எனக்கு முக்கியமாகப் பட்டது 'இன்ஃப்ளூயன்சர்' என்ற கருவி. முதல் பாகத்தில் நாம் ஒட்டுக்கேட்பதோடு சரி. இதில் கடைசி எபிசோடில் நாம் சேகரித்ததை வைத்தே ஓர் ஆளுக்கு எதிராகக் கதை பரப்பச் சொல்கிறது. எதிரே இருப்பவர் ரபான் வார்ட், 'தி பீப்பிள்ஸ் வாய்ஸ்' என்று வலைப்பதிவு நடத்துகிறவர். பார்ஜஸ் என்ற பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர், அரசாங்கத்தைக் கிழிக்கிறவர். அவர் ஒன்றைப் பரப்புவார், நாம் வேறொன்றைப் பரப்ப வேண்டும். அவரும் முழு உண்மையைச் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை.

இந்த கேம் வந்த அதே 2018, மே மாதம். போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் வழி கேட்கக் காரை நிறுத்தியது. அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார். வாட்ஸாப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அந்த நாட்களில் எங்கள் பக்கமும் அதே வாய்ஸ் மெசேஜ் வந்தது. எங்கள் தெருவுக்குப் போர்வை விற்க வந்த வடநாட்டுப் பையனைச் சூழ்ந்துகொண்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தார்கள். ஆதாரை எடுத்துக் காட்டிய பிறகும் ஒருவர், "எதுக்கும் ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போட்டு வையுங்க" என்றார். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பத்தொன்பது வயதுகூட இருக்காது.

அந்த போட்டோவை எடுத்தவருக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை. தெருவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். இன்ஃப்ளூயன்சரில் நாம் உட்கார்ந்திருப்பது அவருடைய இடத்தில். கண்காணிப்பைப் பற்றி கேம்கள் நிறைய இருக்கலாம். சேகரித்ததை வைத்து ஊரைத் தூண்டிவிடும் வேலையை நம் கையிலேயே கொடுத்தது இதன் பெரிய பலம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

டீச்சர் சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கருவி எப்போது வருகிறது பாருங்கள். மொத்தம் மூன்று எபிசோடு, மூன்றாவதில்தான் வருகிறது. இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் கேம் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். முதல் எபிசோடிலேயே சின்ன அளவில் கொடுத்து, பரப்பிய பொய் மூன்றாவதில் நம் தலையிலேயே வந்து விடியும்படி செய்திருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

முதல் பாகம் ஐந்து எபிசோடு. குண்டு வெடிப்பில் ஆரம்பித்து, 'தாட்' என்ற அரசு எதிர்ப்புக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே போவோம். கசாண்ட்ரா, ஜூலியட், ஹாரிசன், நீனா என்று ஆளுக்கு ஒரு குணம், ஆளுக்கு ஒரு ரகசியம். யாரை நம்புவது என்று கடைசிவரை குழப்பம் இருந்தது. இரண்டாம் பாகத்தில் ரபான், அவர் மனைவி கேரன், அவர் கூடப்பிறந்தவர், இந்த ஒரே குடும்பத்தைச் சுற்றித்தான் கதை. காணாமல் போன ஒலெக் பக்காய் என்ற ராணுவ வீரரைத் தேடித்தான் தொடங்குகிறோம், ஆனால் அந்தத் தேடல் சீக்கிரமே பின்னால் போய்விடுகிறது. எனக்கு அவர் கதைதான் வேண்டியிருந்தது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று. அழுத்தம் இருப்பது உண்மை. ஆனால் பல இடங்களில் நாம் எதை முந்திப் போட்டாலும் கதை தான் போக வேண்டிய ரோட்டிலேயே போகிறது. இரண்டாவது முறை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போட்டு ஆடும்போது அது நன்றாகத் தெரிந்தது. முடிவுகள் வேறு வேறாக வருகின்றன, அதை மறுக்கவில்லை. நடுவில் இருக்கும் வழி அவ்வளவாக மாறுவதில்லை.

பாலக்கோடு:

ஓசூர் அண்ணா, ஒரே குடும்பம் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது. முதல் பாகத்தில் பாதிப் பேர்மேல் பரிதாபம் வந்துவிடும், யாரைக் காப்பாற்றலாம் என்றுதான் மனசு போகும். ரபானைப் பார்த்தால் அப்படி வராது. ஆள் திமிர் பிடித்தவர், வீட்டு ஆட்களிடமே எரிந்து விழுகிறார். அப்படிப்பட்ட ஒருவரின் மெயிலைத் திறக்கும்போது கை தயங்கவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. பிடிக்காத ஆள் என்றால் ஒட்டுக்கேட்பது சரியாகிவிடுமா?

கிருஷ்ணகிரி கேமராக்காரன்:

பாலக்கோடு, இந்தக் கேள்விக்காகவே நான் இன்னொரு முறை ஆடப் போகிறேன்.

ஓசூர் சொன்ன நீளக் குறை எனக்கும் உண்டு. ஒன்று சேர்க்கிறேன்: முதல் பாகத்தில் மேலதிகாரி சைம்ஸ் ஒரு சாதாரண மனிதர் மாதிரி நம்மோடு பேசுவார், அவருக்கும் குழப்பம் வரும். இரண்டாம் பாகத்தில் ஆம்பிள்ஃபோர்ட் என்ற பெண் அதிகாரி. அவருக்கு முதலிலேயே முடிவு தெரியும், ஆதாரம் மட்டும்தான் நம்மிடம் கேட்பார். கதைக்கு அது பொருத்தம்தான், ஆனால் சைம்ஸோடு இருந்த ஒட்டுதல் இதில் வரவில்லை.

யாராவது புதிதாக ஆடப் போனால் முதல் பாகத்தை முடித்துவிட்டு வாருங்கள். இரண்டு கதையும் ஒரே காலத்தில் நடப்பவை. முதல் பாகத்தில் தலைப்புச் செய்தியாகக் கடந்து போனது, இதில் இன்னொரு பக்கத்திலிருந்து கண்ணில் படும். நேராக இரண்டாம் பாகத்தில் குதித்தால் அதெல்லாம் வெறும் பெயராகப் போய்விடும். டீச்சர், உங்கள் மகன் எந்த முடிவுக்கு வந்தார்? ரபான் பக்கமா, அரசாங்கத்தின் பக்கமா?

பென்னாகரம் டீச்சர்:

அவன் அரசாங்கத்தின் பக்கம், நான் ரபான் பக்கம். சாப்பிடும்போது இன்னும் சண்டை ஓயவில்லை தம்பி.