மூன்றாவது மோல்டும் விசில் அடிக்கிறது: அச்சு எடுக்கும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கும்பகோணம் தையல்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 49. இரண்டு காதிலும் கேட்கும் திறன் இழப்பு 95 டெசிபல், மிகக் கடுமையானது. 675 பேட்டரி போடும், காதுக்குப் பின்னால் மாட்டும் பெரிய செவிக்கருவியைத் தை மாதத்தில் வாங்கினேன். கருவி நல்ல கருவிதான். அதன் ஒலியை உள்ளே விட, காதுக்குள் பொருத்தும் மோல்டுதான் உயிரை வாங்குகிறது.

முதலில் கடினமான அக்ரிலிக்கில் செய்தார்கள். காது புண்ணாகிவிட்டது. தேய்த்துக் கொடுத்தார்கள், தொளதொளவென்று ஆனது. இரண்டாவதும் அதே கதை. மூன்றாவது மிருதுவான சிலிக்கான். உறுத்தவில்லை, ஆனால் சாப்பிடும்போதும், மெஷினில் நூல் கோக்கக் குனியும்போதும் விசில் அடிக்கிறது. அந்த விசில் என் காதுக்கு எட்டாது. எதிரில் நிற்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அது எவ்வளவு வேதனை என்று கருவி போடுபவர்களுக்குத் தெரியும்.

போய்ச் சொன்னால் கணினியில் இணைத்து ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். விசில் நிற்கிறது. கூடவே 'ச', 'ஸ' எல்லாம் காணாமல் போகின்றன. வாடிக்கையாளர் 'பட்டு' என்றாரா 'பத்து' என்றாரா என்று உதட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தேன்?

ஒரு சந்தேகம். மோல்டு செய்யக் காதுக்குள் கூழ் விட்டு அச்சு எடுக்கும்போது மூன்று முறையும் வாயை மூடி அசையாமல் உட்காரச் சொன்னார்கள். நான் ரவிக்கை தைப்பவள். கையைத் தொங்கவிட்டபடி மட்டும் பார்த்துத் தைத்தால், கையைத் தூக்கும்போது அக்குளில் பிடிக்கும். காதுக்கும் அப்படி ஏதாவது இருக்குமோ?

சேலம் வாசகன்

அக்கா, நீங்கள் சொன்னதுதான் விஷயம். தாடை மூட்டு காதுக் குழாய்க்கு நேர் முன்னால் இருக்கிறது. வாயைத் திறந்தால் பலருக்குக் குழாய் சற்று அகலமாகும். மூடிய வாயில் எடுத்த அச்சு, மெல்லும்போது இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாக ஒலி கசிந்து மைக்குக்குத் திரும்புகிறது. கருவி அதையே மறுபடி பெருக்குகிறது. அதுதான் விசில்.

நான் 38 ஆண்டுகளாகக் கருவி போடுகிறேன். மோல்டுக்காக மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்துக்கே போய்வருகிறேன். அங்கே என் பற்களுக்கு இடையில் ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து, வாய் திறந்த நிலையில் எடுத்தார்கள். கூழ் செவிப்பறைப் பக்கம் போகாமல் தடுக்கும், நூல் கட்டிய பஞ்சையும் காதுக் குழாயின் இரண்டாவது வளைவுக்கு அப்பால் வரை வைத்தார்கள். அது உள்ளே போகும்போது எனக்கு இருமல் வந்தது. பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படி வரும். பஞ்சை மேலோட்டமாக வைத்தால் மோல்டின் குழாய்ப் பகுதி குட்டையாகிவிடும். நம் அளவு இழப்புக்குக் குட்டை மோல்டு நிற்கவே நிற்காது.

கோவை ஆடியாலஜிஸ்ட்

அம்மா, ஒலியைக் குறைத்து விசிலை நிறுத்துவது சிகிச்சை அல்ல. உங்களுக்குத் தேவையான ஒலியைப் பறிப்பது அது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே இப்படிச் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதிய மோல்டுக்குப் பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கருவியை ஓடவிட்டு, மோல்டைக் கழற்றி, ஒலி வரும் துளையைக் கட்டைவிரலால் இறுக மூடுங்கள். வீட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் விசில் வந்தால் கசிவு மோல்டையும் கருவியையும் இணைக்கும் டியூபிலோ, காதின் மேல் வளைந்து நிற்கும் கருவியின் கொக்கியிலோ இருக்கலாம். நின்றுவிட்டால் மோல்டு காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். குறும்பி அடைத்திருந்தாலும் விசில் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த அளவு சக்திக்குத் தடித்த சுவருள்ள டியூப் போட வேண்டும். மெல்லிய டியூபின் சுவர் வழியாகவே ஒலி கசியும். மோல்டில் காற்றுத் துளை வேண்டாம். அச்சை வெளியே எடுத்ததும் காட்டச் சொல்லுங்கள். ஓட்டையோ மடிப்போ இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ செவிப்பறையில் துளை இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நித்தியின் அம்மா

என் மகளுக்கு நான்கு வயது. காது வளர்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மோல்டு மாற்றுகிறோம். டியூப் மஞ்சளாகி விறைத்தால் உடனே மாற்றிவிடுங்கள், சகோதரி. விறைத்த டியூப் மோல்டையே வெளியே இழுக்கும். கழுவ வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும், கருவியைக் கழற்றிவிட்டுத்தான். டியூபில் தங்கும் நீரை ஊதி வெளியேற்ற ரப்பர் பல்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் தையல்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கட்டைவிரல் சோதனையில் வலது பக்க விசில் நின்றது. இடது பக்கம் நிற்கவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கொக்கியை ஒட்டி டியூபில் மயிரிழை அளவு விரிசல். இவ்வளவு நாளும் மோல்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்! இடப்பக்கம் தடித்த டியூப் மாற்றியதோடு முடிந்தது.

வலது காதுக்கு வாய் திறந்த நிலையில் அச்சு எடுக்கச் சொல்லிக் கேட்டேன். சிறிய வயதுப் பெண், முகம் கோணாமல் செய்தார். பஞ்சு போனதும் இருமினேன், சேலம் தம்பி சொன்னபடியே. புதிய மோல்டு வந்ததும் ஒலியைப் பழைய அளவுக்கு ஏற்றிக் கொடுத்தார். நேற்று குனிந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் 'பட்டுத்துணி, லைனிங் வைக்கணும்' என்றார். நிமிராமலே சரி என்றேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மடலின் மேல் பக்கம் லேசாக உறுத்துகிறது. தேய்க்கச் சொல்லலாமா?

கோவை ஆடியாலஜிஸ்ட்

உடனே வேண்டாம், அம்மா. மோல்டின் மேல் நுனி காது மடிப்புக்குள் நுழைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளியே நின்றால் அப்படித்தான் உறுத்தும். மடலைப் பின்னால் இழுத்து நுனியை உள்ளே சொருகிப் போடுங்கள். அதன் பிறகும் சிவந்தால் அந்த நுனியை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். குழாய்ப் பகுதியில் கை வைக்க விடாதீர்கள்.